துரை எழுதிவைத்த தாள்

மாமல்லபுரம் கடற்கரைக் கோயில். டிக்கெட் கவுன்ட்டரில் இரண்டு விலை. இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. இலங்கையிலிருந்தோ நேபாளத்திலிருந்தோ வந்தவர் 40 ரூபாய் வரிசையில் நிற்கலாம்.

வரிசையை ஒட்டி ஒரு வெள்ளைக்கார அம்மாள் நடந்து போகிறார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். பருத்திச் சட்டை, ரப்பர் செருப்பு, கையில் காலி உரச் சாக்கு. கவுன்ட்டர்காரர் தலையை ஆட்டி வணக்கம் வைக்கிறார். கோயில் பார்க்க வந்தவர் இல்லை. ஒத்தவாடைத் தெருவில் மாடி போர்ஷனில் பல வருடமாகக் குடியிருப்பவர்.

மணலில் குனிகிறார். தண்ணீர் பாக்கெட், பிய்ந்த நைலான் வலை, ஒற்றைச் செருப்பு, பேப்பர் கப். ஒவ்வொன்றாகச் சாக்குக்குள் போகிறது. குனிந்து நிமிரும்போது இடது கை இடுப்பைப் பிடித்துக்கொள்கிறது.

கல்லூரிப் பையன்கள் நான்கு பேர் வருகிறார்கள். ஒருவன் கையில் டீ. "மேடம், ஒரு செல்ஃபி." அவர் நிற்கிறார். படம் எடுத்து முடிகிறது. பையன் கப்பைக் காலி செய்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்க்கிறான். அம்மாள் சாக்கின் வாயை விரித்துப் பிடிக்கிறார். கப் உள்ளே விழுகிறது. பையன் மற்றவர்களைப் பார்க்காமல் நடக்கிறான்.

2019 அக்டோபர் 12 காலை, சீன அதிபர் ஜி ஜின்பிங்குடன் பேச வந்த இந்தியப் பிரதமர் இந்த ஊர்க் கடற்கரையில்தான் அரை மணி நேரம் குப்பை பொறுக்கினார். அந்தப் படம் உலகமெல்லாம் போனது. அதற்கு முன்னும் பின்னும் விடிகாலையில் தள்ளுவண்டியோடு வந்து இதே மணலைக் கூட்டுகிற பெண்கள் இருக்கிறார்கள். நீலச் சேலைமேல் பச்சைக் கோட்டு. சிலருக்குக் கையுறை இருக்கிறது. சிலர் பாலிதீன் பையையே கையில் மாட்டிக்கொள்கிறார்கள்.

டீக்கடை பெஞ்ச். அம்மாளுக்குச் சர்க்கரை இல்லாத டீ. அவர் சொல்லாமலே வருகிறது.

அவருக்கு அபிப்பிராயங்கள் நிறைய. வருடக்கணக்கில் சேர்த்துவைத்த தமிழில் சொல்கிறார். ஆரன் சத்தம் அதிகம். நாய்க்கு ஊசி போட ஆள் வேண்டும். சுவரோரம் ஆண்கள் நிற்பது நிற்க வேண்டும். எட்டு மணிக்கு மேல் பெண் பிள்ளைகள் தெருவில் நடந்தால் ஏன் எல்லோரும் பார்க்கிறார்கள்? டீ மாஸ்டர் ஒவ்வொன்றுக்கும் "கரெக்ட்டு மேடம்" என்கிறார். அவருக்கும் அதே அபிப்பிராயம்தான். உண்மையாகவே சொல்கிறார்.

பிறகு அம்மாள் வேறொன்று கேட்கிறார். அவர் வீட்டில் வேலை செய்ய ஒரு பெண் வருகிறார். பஸ் பிடித்து, உள்ளே ஏதோ ஒரு ஊரிலிருந்து. பக்கத்து வீட்டுக்காரர்கள் நல்லவர்கள், பண்டிகைக்குப் பலகாரம் கொடுப்பவர்கள். அவர்கள் நேற்று வந்து, அந்தப் பெண்ணைப் பின்பக்கப் படியால் வரச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்கள். "ஏன்?"

மாஸ்டர் கண்ணாடி டம்ளரைத் துடைக்கிறார்.

"அதெல்லாம் அந்தக் காலத்துல மேடம்."

துடைத்த டம்ளரையே மறுபடி துடைக்கிறார்.

அந்தக் காலம். 1891. செங்கல்பட்டு.

ஜே.எச்.ஏ. ட்ரெமென்ஹீர் மாவட்டத்தின் பொறுப்புக் கலெக்டர். இந்தக் கடற்கரையைப் பற்றி வெள்ளைக்காரர்கள் எழுதியது அதற்குள் நிறையச் சேர்ந்துவிட்டது. 'ஏழு கோயில்கள்' பற்றிய கட்டுரைகளை கேப்டன் கார் தொகுத்துப் புத்தகமாகப் போட்டது 1869இல். ரதம், யானை, சிங்கத் தூண், கல்வெட்டு என்று அது முழுக்கக் கல். பொறுப்புக் கலெக்டர் எழுதுகிற தாளில் கல் இல்லை. தலைப்பு, செங்கல்பட்டுப் பறையர்கள் பற்றிய குறிப்பு.

துரை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு போகிறார். வீடு. உணவு. உடை. கூலி. கடன்.

வீடு என்பது மண் சுவரும் கூரையும். அது நிற்கிற மனை குடியிருப்பவனுடையது இல்லை, மிராசுதாருடையது. இன்று வேலைக்கு வரவில்லை என்றால் நாளை மனையை விட்டு இறங்கச் சொல்லலாம். ஊரை விட்டுப் போகிறேன் என்றால் கூரையைப் பிரித்துத் தலையில் வைத்துக்கொண்டு போகலாம். சுவர் அங்கேயே நிற்கும்.

கூலி தானியம். படியால் அளந்து போடுவது. அளக்கிற படி ஆண்டை வீட்டுப் படி.

கடன் சில ரூபாய்தான். ஒரு கல்யாணம், ஒரு சாவு, ஒரு பஞ்சம். அதற்கு ஈடு நகை இல்லை, நிலம் இல்லை. உழைப்பு. பட்ட கடன் தீரும்வரை படியாளாக இருப்பதாகப் பத்திரம் எழுதி, கீழே கைநாட்டு. அப்பன் வைத்த கைநாட்டுக்கு மகன் ஏர் ஓட்டுகிறான். இந்தியாவில் அடிமை என்பதைச் சட்டம் ஏற்காது என்று 1843இலேயே சட்டம் வந்துவிட்டது. பத்திரம் எழுதுகிறவர்களுக்கு அது இடைஞ்சலாக இல்லை.

தரிசு சர்க்காருடையது. யாரும் உழாத நிலம், யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். சேரியிலிருந்து ஒருவன் தர்க்காஸ்து போடுகிறான். அந்த நிலத்தின்மேல் முதல் உரிமை எனக்கு என்கிறார் மிராசுதாரர். காலங்காலமாக அப்படித்தான். விண்ணப்பம் திரும்பி வருகிறது. நிலம் தரிசாகவே கிடக்கிறது.

இதுதான் துரை கண்டுபிடித்த முடிச்சு. இரக்கப்பட்டு நான்கு வரி எழுதிவிட்டு அவர் நிறுத்தவில்லை. மனை வேண்டும், நிலம் வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும் என்று வழி சொல்கிறார். காலடியில் சொந்த மண் இருந்தால்தான் ஒருவன் கூலியைப் பேசி வாங்க முடியும் என்பது தாள் நெடுக ஓடுகிறது.

தாள் மதராசுக்குப் போகிறது. வருவாய் வாரியம் படிக்கிறது. நிலைமை அவ்வளவு மோசமில்லை என்கிறது, பல இடங்களில் மறுக்கிறது. கோப்பு வளர்கிறது. 1892 செப்டம்பர் 30. அரசாணை எண்கள் 1010, 1010-ஏ. மிராசு முறையில் கை வைக்கவில்லை. தரிசில் ஒரு பகுதியைத் தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஒதுக்கலாம் என்கிறது. கொடுத்த நிலத்துக்கு நிபந்தனை உண்டு, பத்து வருடத்துக்கு விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் அதே மக்களுக்குத்தான் விற்கலாம். வேறு யாராவது வாங்கினால் செல்லாது, அரசு எடுத்துக்கொள்ளும், நஷ்டஈடு கிடையாது.

ஜனங்கள் அதைப் பஞ்சமி நிலம் என்கிறார்கள். தாலுகா ஆபீஸில் டி.சி. லேண்டு, அதாவது டிப்ரஸ்டு கிளாஸ் நிலம்.

துரை ஒருவர்தான் கண் திறந்து பார்த்தார் என்று வைத்துக்கொள்ள முடியாது. ஸ்காட்லாந்திலிருந்து வந்து செங்கல்பட்டில் ஊழியம் செய்த ஆதாம் ஆண்ட்ரூ பாதிரியார் அதே ஆண்டுகளில் இதே சேரிகளைப் பற்றி எழுதுகிறார், மனுப் போடுகிறார். இதே மாவட்டத்தில் மதுராந்தகம் பக்கம் கோழியாளம் கிராமத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1891இல் பறையர் மகாஜன சபையைத் தொடங்குகிறார். அதே வருட டிசம்பரில் நீலகிரியில் அயோத்திதாசர் கூட்டிய மாநாட்டில் தீர்மானங்கள் நிறைவேறுகின்றன. யாருடைய கூரை ஒழுகுகிறதோ அவர்களும் அப்போதே எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். துரையின் தாளுக்கு அரசாணை எண் கிடைக்கிறது.

கிழக்குக் கடற்கரைச் சாலை, இப்போது.

மதில். மதிலுக்குப் பிறகு மதில். மேலே கண்ணாடிச் சில்லு, அதற்கு மேல் கம்பிச் சுருள், அதற்கும் மேலே போகன்வில்லா. இரும்பு கேட்டில் நாய் படம். சவுக்குத் தோப்பு வரும் இடத்தில் பலகை. வீட்டு மனைகள் விற்பனைக்கு. உடனே பத்திரப் பதிவு. வங்கிக் கடன் வசதி. சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் பலகை சிறியதாகிறது, மனையின் விலை குறைகிறது. இன்னும் உள்ளே போனால் பலகை இல்லை, வரப்பில் மஞ்சள் வண்ணம் அடித்த கல் மட்டும்.

எந்தப் பலகையிலும் 1892 இல்லை.

ஒதுக்கப்பட்ட நிலம் மாநிலம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்கின்றன தலித் இயக்கங்கள். அதில் பெரும்பகுதி இன்று வேறு கைகளில். போன விதம் ஊருக்கு ஊர் வேறு. கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்குப் போனது ஒன்று. "வரி கட்டலே" என்று சொல்லி எடுத்தது ஒன்று. வெள்ளைத் தாளில் கைநாட்டு வாங்கிப் போனது ஒன்று. 1980களில் நில உடைமைப் பதிவேடுகளைத் திருத்தி எழுதினார்கள், யூ.டி.ஆர். என்பார்கள். அப்போது நிபந்தனைக் குறிப்பு விழுந்துவிட்ட புல எண்கள் ஒன்றிரண்டல்ல என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். நிபந்தனை செல்லும், மீறி வாங்கியது செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. தீர்ப்பின் நகலும் ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும்.

ஜான் தாமஸ். ஏழுமலை. காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டுத் திரண்டவர்கள்மேல் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. இறந்தவர்கள் இந்த இரண்டு பேர். வருடா வருடம் அந்தத் தேதியில் மாலை போடுகிறார்கள். மாலைக்கு வருகிற கூட்டத்தில் சம்பவத்தின்போது பிறந்திராத பையன்கள்தான் அதிகம். கோஷம் போடுகிறார்கள். கோஷத்தில் துரை பெயர் வருகிறது. மூன்று முறை சொல்லிப் பழகினால்தான் நாக்குக்கு வருகிற பெயர். சிறு பிள்ளைகள் தடுமாறாமல் சொல்கிறார்கள்.

திங்கட்கிழமை. செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகம். குறை தீர்க்கும் நாள்.

வாசலில் போலீஸ். பையைத் திறந்து காட்ட வேண்டும். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகி ஒரு பெண் காவலர் முகர்ந்து பார்க்கிறார். 2017இல் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு குடும்பமே தீ வைத்துக்கொண்ட பிறகு எல்லா மாவட்டத்திலும் இந்த முகர்தல் கூடுதல் கவனத்தோடு நடக்கிறது. தண்ணீர்தான். மூடியைத் திருகித் திருப்பிக் கொடுக்கிறார். அடுத்த பை.

மரத்தடியில் மனு எழுதுகிறவர்கள். ப்ளாஸ்டிக் ஸ்டூல், மடியில் அட்டை. எழுதுவது நிற்பதே இல்லை. "மாண்புமிகு" என்ற சொல்லை மட்டும் மை தீர்ந்த பேனாகூட அழகாக எழுதும் போலிருக்கிறது, அவ்வளவு பழக்கம்.

இருளர் குடும்பம் ஒன்று தரையில் உட்கார்ந்திருக்கிறது. சாதிச் சான்றிதழ் கேட்டு வந்தது. பெரியவருக்குப் பிறந்த தேதி கேட்டால் தெரியாது. எந்த மரத்தடியில் பாம்பு இருக்கும் என்று தெரியும். மகளிடம் ஒரு லேமினேட் செய்த தாள். செங்கல் சூளையிலிருந்து விடுவித்தபோது கோட்டாட்சியர் கொடுத்த கொத்தடிமை விடுதலைச் சான்று. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வழங்கப்பட்டது என்று அச்சிட்டிருக்கிறது. வாங்கிய முன்பணம் தீரவில்லை என்று சூளையில் வைத்திருந்தார்கள். லேமினேஷனுக்குள் காற்றுக் குமிழ். அவள் அதைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே இருக்கிறாள்.

வரிசையில் ஒரு முதியவர். வெள்ளை வேட்டி, மஞ்சள் பை. பக்கத்தில் பேத்தி, சட்டக் கல்லூரி அடையாள அட்டை கழுத்தில். பைக்குள் இருக்கிற தாள்கள் அளவுவாரியாக அடுக்கியவை. மேலே இந்த வார மனு. அதன் கீழே பழைய மனுக்கள், ஒவ்வொன்றிலும் ரசீது குத்தியிருக்கிறது. அதற்கும் கீழே சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று. எல்லாவற்றுக்கும் அடியில் ஆங்கிலத்தில் மங்கிய ஜெராக்ஸ். நகலின் நகலின் நகல். ஓரத்தில் கறுப்பு நிழல் விழுந்து, பாதி எழுத்து கரைந்துபோனது. அரசாணை 1010.

முன்னால் நிற்கிறவர் திரும்பிப் பார்க்கிறார்.

"இன்னா பெரியவரே, இங்கிலீஷ்ல இருக்குது?"

"துரை எழுதினது."

"எந்த துரை?"

"நம்ம ஜில்லா கலெக்டரு. வெள்ளைக்காரன். நம்ம ஜனம் எப்டி இருந்துச்சோ அப்டியே எழுதி வெச்சிட்டுப் போனான்."

"நீங்க பாத்தீங்களா?"

"எங்க தாத்தாவே பாக்கலப்பா."

பேத்தி சிரிக்கிறாள். முன்னால் நிற்பவர் தாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்து, பிறகு நேராக்கி, படிக்கத் தெரியாத எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்க்கிறார். அவருக்கும் நிலப் பிரச்சினைதான். ஊர் வேறு. "இதுல ஒரு காப்பி எனக்குப் போட்டுக் குடு பாப்பா" என்று சில்லறையை எடுக்கிறார். பேத்தி பையின் பக்கவாட்டிலிருந்து தயாராக வைத்திருந்த ஒரு செட்டை எடுத்துக் கொடுக்கிறாள். காசு வேண்டாம் என்கிறாள். அதற்கென்றே நான்கு செட் கொண்டுவந்திருக்கிறாள்.

ஹாலுக்குள் மின்விசிறி. கம்ப்யூட்டர் முன் இரண்டு பேர். மனு, ஆதார் எண், கைபேசி எண். திரையில் ஒரு எண் பிறக்கிறது. ரசீது வருகிறது. பெரியவர் மேடைக்குப் போகிறார். ஆட்சியர் மனுவை வாங்கி, படித்து, பக்கத்து மேசைக்கு நீட்டுகிறார். "பாருங்க." மொத்தம் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவருக்குப் பின்னால் வரிசை கதவைத் தாண்டி வெளியே நிற்கிறது.

பக்கத்து மேசையில் அலுவலர். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, மனுவைப் படிக்கிறார். முகம் சுளிக்கவில்லை. பழைய மனுக்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டுகிறார். ஆங்கிலத் தாள் வந்ததும் நிற்கிறார்.

"இது தெரியும்மா. ஜி.ஓ. இருக்குது, சரி. உங்க புல எண் டி.சி. நிலம்தான்னு காட்டணும். பழைய 'அ' பதிவேடு நகல் வேணும்."

"அது ஆபீஸ்லதான் சார் இருக்கும்."

"தாலுகால கேட்டீங்களா?"

பேத்தி இன்னொரு தாளை எடுக்கிறாள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்கு வந்த பதில். கோரிய ஆவணம் அலுவலகத்தில் கண்டறிய இயலவில்லை. கீழே கையெழுத்து, முத்திரை.

அலுவலர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு படிக்கிறார். ஒரு முறை. இன்னொரு முறை.

"ஆவணக் காப்பகத்துல இருக்கலாம். சென்னைல. எழும்பூர்ல."

"நாங்க போய்க் கேட்டா குடுப்பாங்களா சார்? நீங்க கேட்டா குடுப்பாங்களா?"

பெரியவர் பேத்தியின் முழங்கையைத் தொடுகிறார். குரலைத் தணி என்று அர்த்தம். அவள் தணிக்கவில்லை. உயர்த்தவும் இல்லை.

"நாங்க கேட்டா சீக்கிரம் வரும்."

"அப்போ நீங்க கேக்கறதா இந்த மனுவுலயே எழுதுங்க சார்."

அலுவலர் அவளைப் பார்க்கிறார். அடையாள அட்டையைப் பார்க்கிறார். மனுவின் ஓரத்தில் எழுதுகிறார். ஆவணக் காப்பகத்திலிருந்து பதிவேட்டின் நகல் பெற்று, நிலத்தின் வகைப்பாட்டை ஆய்வு செய்து அறிக்கை அனுப்புக. வட்டாட்சியர். கையெழுத்துப் போடுகிறார்.

பேத்தி படித்துப் பார்க்கிறாள்.

"எத்தனை நாளைக்குள்ளன்னு போடல சார்."

அவர் மறுபடி மனுவை இழுத்துக்கொள்கிறார். 30 நாட்களுக்குள் என்று மேலே சேர்க்கிறார். பக்கத்தில் தேதி. அவள் கைபேசியில் அதைப் படம் எடுக்கிறாள். படத்தில் எழுத்து தெளிவாக விழுந்திருக்கிறதா என்று விரலால் பெரிதாக்கிப் பார்க்கிறாள். 'வகைப்பாட்டை' என்ற சொல் ஆடியிருக்கிறது. இன்னொரு படம் எடுக்கிறாள்.